அப்பாயிக்கு முதலாம் ஆண்டு: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு ராத்திரி

*வியாழன், இரவு 8:40*

நான்: எல்லாருக்கும் வணக்கம். தமிழ் முரசு பேப்பருக்குக் கொடுக்கவேண்டிய நினைவஞ்சலியை எழுதிட்டேன். நாளைக்குக் காலையில அனுப்பணும். படிச்சுட்டுச் சொல்லுங்க.

நான்: "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தோற்றம்: 1.1.1941. தமிழ்நாடு வாய்மேட்டில் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்து மறைந்த எங்கள் அன்புத் தாயார், பாசமிகு பாட்டி. இல்லத்தரசியாக இருந்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். உங்கள் நினைவில் வாடும் மகன்கள், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்."

பெரியம்மா: நல்லா இருக்கும்மா. எந்தப் போட்டோ போடுற? மதன் கல்யாணத்துல அரக்குப் புடவை கட்டியிருப்பாங்களே, அது போடு.

மதன் அத்தான்: அதுல அம்மாயி கண்ணை மூடியிருப்பாங்க அத்தை. என்கிட்ட வேற இருக்கு, தேடி அனுப்புறேன்.

பெரியப்பா: ஜனவரி ஒண்ணு அம்மா பிறந்த நாள் இல்லை. ஐசி, அதான் அடையாள அட்டை, எடுக்கிறப்ப தேதி தெரியாம போட்டது. அவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு புயல்தான். 1952 நவம்பர் கடைசியில நாகப்பட்டினத்தைப் புயல் அடிச்சுதே, அப்ப தனக்குப் பதினோரு வயசுன்னு சொல்வாங்க. மாட்டை அவுத்துவிடப் போன அவங்க அப்பா விடியிற வரைக்கும் திரும்பலை, திண்ணையில நின்னு அழுதுக்கிட்டே இருந்தேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. வருஷம் சரி. தேதியை எடுத்துடு.

நான்: சரி பெரியப்பா. வருஷம் மட்டும் போடுறேன்.

ஈசூன் அத்தை: இல்லத்தரசின்னு போடாத.

நான்: ஏன் அத்தை? எல்லா அஞ்சலியிலயும் அப்படித்தானே போடுறாங்க.

ஈசூன் அத்தை: மத்தவங்க வீட்டுக்கு அது சரியா இருக்கும். எங்க அம்மா 22 வருஷம் வேலைக்குப் போனாங்க.

அப்பா: அக்கா, அது மரியாதையான சொல்லுதானே. வீட்டையும் அவங்கதானே பாத்தாங்க. தட்டு கழுவினாங்கன்னு பேப்பர்ல போடணுமா?

ஈசூன் அத்தை: போடணும். நீ அப்ப மூணு வயசுப் பிள்ளை தம்பி, உனக்குத் தெரியாது. அண்ணே, நீங்க சொல்லுங்க.

பெரியப்பா: சொல்றேன். கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவாத்தான் தட்டுவேன், பொறுத்துக்கோங்க.

பெரியப்பா: உங்க தாத்தாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை. நாங்க பேஸ்னுதான் சொல்வோம். 1968 ஜனவரியில வெள்ளைக்காரன் 1971-க்குள்ள கிளம்பிடுவேன்னு அறிவிச்சுட்டான். பேஸ்ல வேலை பாத்த நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் கையில கிடைச்ச காசோட ஊருக்குக் கப்பல் ஏறிட்டாங்க. எங்க வரிசையில ஒவ்வொரு வீடாக் காலியாகும். என்கூட விளையாடின பையன் காலையில இருப்பான், ராத்திரி இருக்கமாட்டான். அப்பாவும் போயிடலாம்னுதான் முடிவு பண்ணிட்டாரு. சாமான் கட்டுறதுக்குன்னு ஒரு கத்தைக் கயிறு வாங்கிட்டு வந்து திண்ணையில போட்டாரு.

பெரியப்பா: மறுநாள் காலையில பாத்தா அம்மா அந்தக் கயித்தைக் கொல்லையில ரெண்டு மரத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டி, எங்க பள்ளிக்கூடச் சட்டையைக் காயப்போட்டிருக்காங்க. "வந்தது வந்தாச்சு, பிள்ளைங்க படிப்பு இங்கதான்"னாங்க. அவ்வளவுதான். அப்பா ஒரு வார்த்தை பேசலை.

பெரியம்மா: இதை நீங்க என்கிட்டகூடச் சொன்னதில்லையே!

ஈசூன் அத்தை: அதுக்கு அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்துக் கேண்டீன்ல தட்டு கழுவப் போனாங்க. மாசம் அறுபது வெள்ளி. தட்டு உடைஞ்சா கடைக்காரர் சம்பளத்துல பிடிச்சுக்குவாரு. மத்தியானம் வந்து சோறாக்கி வச்சுட்டு, சாயந்தரம் ஆபீஸ் கட்டடம் கூட்டித் துடைக்கப் போவாங்க. ராத்திரி பத்து மணிக்கு வருவாங்க. அப்பாவுக்கு வேற வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அது வரைக்கும் நாம சாப்பிட்டது எந்தச் சோறுன்னு நினைக்கிற?

ஈசூன் அத்தை: அப்பாவுக்கு வேலை கிடைச்ச பிறகும் நிறுத்தலை. என் பரீட்சை ஃபீஸ், உங்க பெரியப்பாவோட பாலிடெக்னிக், எல்லாம் அந்தக் காசு.

*இரவு 9:15*

பெர்த் சித்தப்பா: இப்பத்தான் பாத்தேன். இங்க நானும் குழு சத்தம் கேக்காம படுத்துட்டேன். அக்கா சொல்றதுதான் சரி.

பெர்த் சித்தப்பா: கப்பல்ல வந்ததையும் ஒரு வரி போடும்மா. 1962, ரஜூலா கப்பல். நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, படகுல போய் ஏறணும். அலையில படகு மேலயும் கீழயும் ஆடும், ஏணியைப் பிடிக்கிற நேரத்துல படகு கீழ போயிடும்னு சொல்வாங்க. இடுப்புல நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடி. ஒத்தைக் கையாலதான் ஏறினாங்களாம். 21 வயசு, கப்பல்ல தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது.

பெர்த் சித்தப்பா: நான் இங்க ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதுசுல தினம் ராத்திரி போன் பண்ணிப் புலம்புவேன். வந்திருக்கக் கூடாதும்மா, தப்புப் பண்ணிட்டேன்னு. ஒரு நாள் அம்மா சொன்னாங்க: "எங்கம்மா செத்த சேதி எனக்குக் கடுதாசியில வந்துச்சுடா. பதினோராவது நாள். நான் குளிச்சுட்டு மறுபடி வேலைக்குப் போனேன். நீ வாராவாரம் பேசு, எனக்கு அது போதும்." அதுக்கப்புறம் நான் புலம்பினதில்லை. ஞாயித்துக்கிழமை தவறினதும் இல்லை.

நான்: சித்தப்பா, இது எனக்குத் தெரியாது.

பெரியம்மா: ஆமா, அவங்க துக்கத்தைச் சொல்லமாட்டாங்க. நான் கல்யாணமாகி வந்த மறுவாரம் என்னைக் கூப்பிட்டு, "நீ வேலையை விட்டுடாத. பிள்ளை பிறந்தா நான் பாத்துக்கிறேன்"னாங்க. சொன்ன மாதிரியே 1993-ல பெரியவன் பிறந்ததும் அவங்க வேலையை விட்டாங்க. நான் விடக்கூடாதுன்னு அவங்க விட்டாங்க. எந்த மாமியார் செய்வா?

மதன் அத்தான்: ஏழு பேரையும் அவங்கதானே வளத்தாங்க. எனக்கு அம்மாயி, உனக்கு அப்பாயி, ஆனா தட்டு ஒண்ணுதான். ஒரே தட்டுல ரசஞ்சோத்தைப் பிசைஞ்சு வரிசையா வாயில வைப்பாங்க. கடைசி உருண்டை யாருக்குன்னு சண்டை வரும்.

நான்: கடைசி உருண்டைக்குள்ள மட்டும் உருளைக்கிழங்கு ஒளிச்சு வச்சிருப்பாங்க!

மதன் அத்தான்: ஆமா ஆமா! அதுக்குத்தான் சண்டையே.

மதன் அத்தான்: இன்னொண்ணு. அம்மாயியோட முன்னோடித் தலைமுறை அட்டை எங்க வீட்லதான் இருக்கு. 1949-க்குள்ள பிறந்து 1986-க்குள்ள குடியுரிமை வாங்கினவங்களுக்கு 2014-ல அறிவிச்ச சலுகை. பலதுறை மருந்தகத்துல சுருக்குப்பையைத் திறந்து ரெண்டு கையாலயும் எடுத்துக் கொடுப்பாங்க. அரசாங்கமே முன்னோடின்னு எழுதிக் கொடுத்திருக்கு. நாம என்ன வேலை பாத்தாங்கன்னு எழுதறதுல என்ன மாமா இருக்கு?

*இரவு 9:50*

அப்பா: ஒண்ணு சொல்றேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

அப்பா: 2018-ல கஜா புயல் அடிச்சுது இல்லையா, வேதாரண்யம் பக்கம் தென்னை மரமெல்லாம் சாஞ்சு போச்சு. ஊர்ல மாமா வீட்டு ஓடும் போச்சு. அம்மா சேத்து வச்சிருந்ததை எடுத்துக்கிட்டு, நேர்ல கொடுக்கணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். சாங்கியில தானியங்கி வழியில கட்டைவிரலை வச்சாங்க. எடுக்கலை. புடவையில துடைச்சுட்டு மறுபடி வச்சாங்க. எடுக்கலை. மத்த விரலையும் வச்சுப் பாத்தாங்க.

அப்பா: ஒரு அதிகாரி வந்தாரு, தமிழ்ப் பையன். கையைத் திருப்பிப் பாத்தாரு. விரல் நுனியெல்லாம் வழவழன்னு இருக்கு, ரேகையே இல்லை. "என்ன வேலை பாத்தீங்க பாட்டி?"ன்னு கேட்டாரு. "தட்டு கழுவினேன்பா, சோடாத் தண்ணி தின்னுடுச்சு"ன்னாங்க. சத்தமாத்தான் சொன்னாங்க. பின்னால வரிசையில ஆள் நிக்குதேன்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க குனியலை.

அப்பா: இல்லத்தரசியை எடுத்துடும்மா. அக்கா சொன்ன மாதிரியே போடு.

ஈசூன் அத்தை: தம்பி.

பெரியப்பா: நல்லதுடா.

*இரவு 10:20*

நான்: இப்படி மாத்தியிருக்கேன், பாருங்க.

நான்: "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தோற்றம்: 1941, வாய்மேடு. 1962-இல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டு கழுவியும் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும் 22 ஆண்டுகள் உழைத்து, நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஏழு பேரப்பிள்ளைகளைத் தம் கையால் ஊட்டி வளர்த்தவர். உங்கள் நினைவில் வாழும் மகன்கள், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்."

பெர்த் சித்தப்பா: "வாடும்"ங்கிறதை "வாழும்"னு மாத்தினது நல்லா இருக்கு.

பெரியப்பா: சரி. அனுப்பிடு.

மதன் அத்தான்: போட்டோ அனுப்பியிருக்கேன். ஈசூன் வீட்டு வாசல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நிமிர்ந்து பாக்கிறப்ப எடுத்தது.

பெரியம்மா: இதான். இதையே போடு.

ஈசூன் அத்தை: ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு பாலசுப்பிரமணியர் கோயில்ல அர்ச்சனை. பேஸ் பக்கம் மரத்தடியில இருந்த காலத்துலேருந்து அம்மா போன கோயில். முடிச்சுட்டு வீட்ல படையல். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் வராங்க, ஆரஞ்சு கொண்டு வராங்களாம். இன்னைக்கு மின்தூக்கியில பாத்தேன், "சுடா மக்கான்?"னாங்க, சாப்பிட்டாச்சான்னு. அம்மாவும் அவங்களும் முப்பது வருஷம் அந்த மலாய்லதானே பேசிக்கிட்டாங்க.

ஈசூன் அத்தை: தேக்கா சந்தையில வாழை இலை யாரு வாங்குறது?

அப்பா: நான் வாங்கிட்டு வரேன் அக்கா. உருளைக்கிழங்கும் வாங்கிடுறேன்.