புதுப்பிப்பு: ஆத்தாவின் அறையைக் காலி செய்தாயிற்று

ஆத்தா (எங்கள் அம்மா) காலமான பிறகு, காரைக்குடியில் நடுமுற்றம் வைத்த எங்கள் வளவு வீட்டில் அவர் புழங்கிய அறையைக் காலி செய்ய மனம் வரவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். "ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கொடுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. அவருக்கு ரொம்ப நன்றி.

விளக்கேற்றி ஆரம்பித்தோம். கண்டாங்கிச் சேலைகளை நிழலில் உலர்த்தி மடித்தோம். அரக்குக் கட்டம் போட்ட ஒன்றின் முந்தானையில் இன்னும் விபூதி வாசம். முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம் என்பதால், கொடுக்கும் முன் இவற்றையும் கொட்டான் என்கிற ஓலைக்கூடையில் வைத்துக் கும்பிட்டோம். "உடுத்திக்க, ஆயா சந்தோசப்படுவாக" என்று ஆச்சி (என் அக்கா) தன் மகளிடம் நீட்டியபோது அழுதுவிட்டேன். அழுதது நல்லதுதான், அதுவரை நெஞ்சு அடைத்தே இருந்தது.

பாத்திரங்கள் சட்டென்று முடிந்தன. பேர் வெட்டிய வெண்கலப் பானை மட்டும் எடைக்குப் போகவில்லை. பங்காளி வீட்டு விசேஷங்களுக்குப் புழங்கட்டும்.

அப்புறம், கடிதங்களை எரிக்கச் சொன்னவர்களுக்கு: எரிக்கவில்லை, எரிக்கப்போவதும் இல்லை. பினாங்கிலிருந்து அப்பச்சி (எங்கள் அப்பா) எழுதியவை அவை. எல்லாவற்றையும் விட்டுத்தான் ஆக வேண்டுமா என்ன? ஆச்சி தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.