மறு: மவுத்புரூடிங் = வாயடை?

> மவுத்புரூடிங் என்பதற்கு ‘வாய்வழி அடைகாத்தல்’ என்று வைத்துக்கொள்வோமா?

நம் மீன் வளர்ப்புச் சொற்பட்டியலுக்காக, மீன் தன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்க வைக்கும் மவுத்புரூடிங்கிற்குத் தமிழில் வந்த இந்தச் சொல் வேண்டாம் என்பது என் கட்சி. வாய்வழிச் சொட்டு மருந்து, வாய்வழித் தேர்வு என்றெல்லாம் எழுதும்போது ஏதோ ஒன்று வாய் வழியாக உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது. இந்த மீன்கள் முட்டையை வாய்க்குள்ளேயே வாரக்கணக்கில் வைத்திருக்கின்றன, அங்கே ‘வழி’க்கு வேலையில்லை. அப்புறம் நீளம். ‘வாய்வழி அடைகாத்துக்கொண்டிருக்கும் பெண் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றவும்’ என்று ஒரு வளர்ப்புக் குறிப்பு எழுதிப் பாருங்கள்.

ஃபிரண்டோசாவை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியில் வாழும் சிக்லிட் குடும்பத்து மீன், 1906-ல் விலங்கியலாளர் பூலஞ்சர் விவரித்தது, ஆண் ஓர் அடிக்கு வளர்ந்து நெற்றி புடைத்து நிற்கும். ஆறடித் தொட்டிக்குக் குறைவாக வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை, ஓர் ஆணுக்கு நாலைந்து பெண்ணாவது வேண்டும், தண்ணீர் கடினமாகவும் பிஎச் எட்டுக்கு மேலும் இருக்க வேண்டும் (மற்ற மீன்களுக்கு ஆகாத உப்புப் படியும் போர் தண்ணீர் இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்). பெண் பாறையிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிட்டு, இட்ட கையோடு வாயில் அள்ளிக்கொள்ளும். அதற்கப்புறம் நாலைந்து வாரம் தொண்டை புடைக்க ஒரு மூலையில் நிற்கும். தீனி போட்டால் கிட்ட வந்து பார்க்கும், பெரும்பாலும் எடுக்காது. இந்த நிலையைத்தான் நம் வளர்ப்பாளர்கள் ‘பீமேல் ஹோல்டிங்ல இருக்கு’ என்கிறார்கள்.

‘கோழி அடையில இருக்கு’ என்று ஊரில் சொல்வதும் இதே மாதிரிதான், அதுவும் ஒரு நிலை. அடைக்கோழியும் சரியாகத் தின்னாது, கிட்டப் போனால் சிலிர்க்கும். அதனால் ‘வாயடை’ போதும் என்கிறேன். பெண் வாயடையில் இருக்கிறது, வாயடைக் காலம், வாயடை மீன், எல்லாம் தானாக அமைந்துவிடுகிறது.

முன்பு ஒரு மடலில் வந்த ‘தாய்வாய்க் காப்பு’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் எல்லா மீனுக்கும் செல்லாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்துக் கருந்தாடைத் திலாப்பியாவில் முட்டையைச் சுமப்பது அப்பன். நம் கடல் கெளுத்தியிலும் அப்பன்தான், கோலிக்குண்டு அளவு முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு திரியும். கலிலேயத் திலாப்பியாவில் இருவரும் சுமப்பார்கள். எனவே தாய் வாயடை, தந்தை வாயடை, இருவர் வாயடை என்று தேவைப்படும்போது முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

வாயில் எடுக்காமல் கல்லிலோ மணலிலோ முட்டையிட்டுக் காவல் நிற்பதற்குத் ‘தரையடை’. சிக்லிட்களிலேயே மிகப் பெரியதான பூலஞ்சரோகுரோமிஸ், 80 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும் டாங்கன்யிகா மீன், இந்த வகைதான். ஜோடியாக நின்று ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் காக்கும். பெரிய சிக்லிட் என்றாலே வாயடை என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு, வரிவரியாக இருக்கிற பட்டிகோஃபெரியும் தரையடைதான், ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியில் வேறு எந்த மீனையும் விட்டு வைக்காது.

இன்னொன்று. தாயிடமிருந்து முட்டையை எடுத்துக் குடுவையில் தண்ணீர் ஓடவிட்டு உருட்டிப் பொரிக்க வைக்கிறோமே, அதற்குத் தனிச் சொல் தேட வேண்டாம். கோழி அடைகாக்கும், நாம் அடைவைப்போம். எக் டம்ளர் என்பது ‘அடைக்குடுவை’. டாங்கன்யிகாவின் குயில் கெளுத்தி செய்வதும் அதே வேலைதான்: சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து நடுவில் புகுந்து தன் முட்டையைக் கலந்துவிடும், அவள் தெரியாமல் சேர்த்து அள்ளிக்கொள்வாள், கெளுத்திக் குஞ்சு முன்னதாகப் பொரித்து வாய்க்குள்ளேயே அவள் குஞ்சுகளைத் தின்றுவிடும். வாத்து முட்டையைக் கோழிக்கு அடைவைப்பது நமக்குப் புதிதா என்ன, வாத்துக் குஞ்சு இந்த அளவுக்குப் போகாது, அவ்வளவுதான்.

—

அண்ணா, இரண்டு தடை சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

> அதனால் ‘வாயடை’ போதும் என்கிறேன்.

‘வாயடைத்துப் போனேன்’ என்பது எல்லார் வாயிலும் புழங்குகிற பேச்சு. ‘மீன் வாயடைத்தது’ என்று படித்தால் ஏதோ நோய் என்றுதான் நினைப்பார்கள். இரண்டாவது, அடை என்பது முட்டை பொரிக்கும் வரைக்கும்தான். ஃபிரண்டோசா முட்டை ஒரு வாரம் போல ஆனதும் வாய்க்குள்ளேயே பொரித்துவிடுகிறது, மீதி நாளெல்லாம் மஞ்சள்கரு ஒட்டிய குஞ்சுகளைத்தான் அது சுமக்கிறது. பொரித்த பிறகும் அடை என்றால் கோழி சிரிக்கும். ‘வாய்ச்சூல்’ என்றால் இரண்டு கட்டத்தையும் மூடிவிடும், சுமப்பது என்ற பொருளும் கிடைக்கும்.

கூடவே ஒன்று கேட்கிறேன். ஸ்ட்ரிப்பிங்கிற்குப் பட்டியலில் ‘உரித்தல்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள், அதை யார் மாற்றப் போகிறீர்கள்?

—

தம்பி, உரித்தலை இன்றைக்கே எடுத்துவிடலாம், தேங்காயா அது. இதில் இரண்டு வேலை இருக்கிறது. கெண்டைப் பண்ணையில் ஊசி போட்டு வயிற்றை அழுத்திச் சினையை வெளியேற்றுவது ஒன்று, அது ‘பிழிதல்’. சிக்லிட்டைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து, கீழ்த்தாடையை விரல் நுனியால் மெல்லத் திறந்து குஞ்சுகளைத் தண்ணீரில் விழச் செய்வது மற்றொன்று, அது ‘குஞ்சு இறக்குதல்’. கை நனைந்திருக்க வேண்டும், தாடையை இழுக்கக் கூடாது.

வாய்ச்சூல் எனக்கு ஒட்டவில்லை. பள்ளிப் புத்தகத்தில் சூல், சூலகம் என்பவை பூவுக்குப் போய்விட்டன, பேச்சில் சூல் என்றால் வயிற்றுப் பிள்ளை. கப்பி மாதிரிக் குட்டி போடும் மீனுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும், வேண்டுமானால் அதற்கென்று எடுத்து வைப்போம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் வீனஸ்டஸ் மாதிரி சிக்லிட்களில் முட்டை சூல்கொள்வதே தாயின் வாயில்தான்: ஆணின் கீழ்த்துடுப்பில் இருக்கும் மஞ்சள் பொட்டுகளைக் கொத்தப் போகும்போது விந்து உள்ளே போகிறது. அந்தப் பொட்டு முட்டை வேஷம் என்று விலங்கியலாளர் விக்லர் 1962-ல் எழுதினார், ‘முட்டைப்பொட்டு’ என்று வைக்கலாம்.

உன் முதல் தடைக்கு: ‘வாயடைத்தது’ என்று வினையாக எழுதாமல் ‘வாயடையில் இருக்கிறது’, ‘வாயடை பிடித்தது’ என்று எழுதினால் குழப்பம் வராது. அப்படியே குழம்பினாலும் நாலு வாரம் தின்னாமல் வாயை மூடிக்கொண்டு நிற்கிற மீனுக்கு அது ஒன்றும் பழி இல்லை.

பொரித்த பிறகு என்ன சொல்வது என்ற கேள்வி நியாயம்தான். வாய்க்குள் இருக்கும் வரை வாயடை என்றே விடுவோம், உள்ளே எப்போது பொரித்தது என்று வெளியிலிருந்து பார்த்து யாரும் நாள் குறிக்க முடியாது. ஆனால் வீனஸ்டஸ், லிவிங்ஸ்டனி எல்லாம் குஞ்சுகளை வெளியே விட்ட பிறகும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் அழைத்துக்கொள்கின்றன. பருந்து வட்டமிட்டால் கோழி குஞ்சை அணைப்பதுபோல் இது, அடை இல்லை. இதற்கு ‘வாயணைப்பு’ என்று தனிப்பதிவு போடுகிறேன்.

நத்தை ஓட்டுக்குள் முட்டையிடும் சின்ன சிக்லிட்களுக்கு யாரோ ‘சங்கடை’ என்று அனுப்பியிருக்கிறார்கள். காலி நத்தை ஓட்டில் இருக்கிற மீனுக்கு எதற்குச் சங்கும் சங்கடமும், ‘ஓட்டடை’ என்று போடலாமா என்றால் அது வீட்டுக் கூரையில் தொங்குகிறது. யாராவது வேறு சொல்லுங்கள்.