மிஸ்டர் பீனின் ஆலயக் காட்சியில் நம்ம சபையைக் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

வாவிக்கரை_வாலிபன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்தை இப்போது நான்தான் கவனிக்கிறேன். அடுத்த கூட்டத்தில் மிஸ்டர் பீன் தொடரின் முதல் பகுதியில் வரும் ஆலயக் காட்சியைப் போட்டுக் காட்டி, அதை வைத்தே பேசலாம் என்று சொன்னேன். மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆராதனையைப் பகிடி பண்ணுகிற ஒன்றை ஆலய வளவுக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள்.

எனக்கு அது பகிடியாகப் படவில்லை. 1990 ஜனவரி முதலாம் திகதி பிரித்தானியாவில் ஒளிபரப்பான பகுதி அது. பரீட்சை, கடற்கரை, ஆலயம் என்று மூன்று துண்டாக வரும். ஆலயத் துண்டில் பீனுக்குத் தும்மல் வருகிறது, கையில் லேஞ்சி இல்லை, கோட்டுப் பையின் உள்துணியை வெளியே இழுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளுகிறார். பிரசங்கம் நீள நீளக் கண் சொருகி, அப்படியே முன்னால் சரிந்து போகிறார். டொபி ஒன்றை யாருக்கும் தெரியாமல் வாயில் போட அவர் படுகிற பாடு இருக்கிறதே, எங்கள் பின் வாங்குப் பொடியன்களை அப்படியே உரித்து வைத்தது போல. அப்புறம் பாட்டு. வரிகள் தெரியாது, வாய்க்குள் முணுமுணுக்கிறார், 'அல்லேலூயா' வருகிற இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தி முழுத் தொண்டையில் பாடுகிறார்.

சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆராதனையில் நம்மில் பாதிப் பேர் அங்கே இருக்கிறோம். உங்களுக்கும் அப்படித் தோன்றியதா? வாலிபர்களுக்குக் காட்டலாமா, விடலாமா?

கல்முனைக்காரி

தம்பி, தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் எல்லோரும் பீனையேதான் பார்ப்பார்கள், நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருக்கிற மனிதரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிச்சர்ட் பிரையர்ஸ் நடித்தது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும், எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும், எல்லாம். கையில் பாட்டுப் புத்தகமும் இருக்கிறது. பக்கத்தில் ஒருவன் வரி தெரியாமல் தவிக்கிறான், எட்டி எட்டிப் பார்க்கிறான். புத்தகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சரித்துப் பிடித்திருந்தால் அந்தப் பகிடியே இல்லாமல் போயிருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சைவக் குடும்பத்தில் இருந்து கலியாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தவள். முதல் பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்க நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், எல்லோரும் எழும்ப நான் முழங்காலில். மாமியார் முன்னுக்கு, வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி ஒன்றும் பேசவில்லை, வாங்கில் நகர்ந்து வந்து தன் புத்தகத்தை என் மடியில் பாதி வைத்து, ஓடுகிற வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தா. நகத்தில் மருதோன்றி மங்கிப்போய் இருந்தது, அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் அந்தக் கோயிலிலேயே தங்கினதுக்கு அந்த விரல்தான் காரணம், பிரசங்கம் இல்லை.

ஆகவே மூத்தவர்களிடம் சொல்லுங்கள், அந்தக் காட்சி ஆண்டவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வாங்கில் இருக்கிற நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறது.

கோட்டைமுனை_தேவா

பீன் நல்லதுதான், ஆனால் சபை வாழ்க்கையை உள்ளும் புறமும் காட்டினது என்றால் எனக்கு 'விகார் ஒஃப் டிப்ளி'தான். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்களுக்கு முதன்முதல் குருத்துவப் பட்டம் கொடுத்தது 1994 மார்ச்சில், அந்த வருடம் நவம்பரிலேயே பிபிசியில் இந்தத் தொடர் தொடங்கிவிட்டது. ஒரு சின்னக் கிராமத்துக்குப் புதுக் குருவானவர் வருகிறார் என்று பங்குச் சபை காத்திருக்க, வந்து நிற்பது ஒரு பெண். டோன் ஃபிரெஞ்ச் நடித்தது.

அந்தப் பங்குச் சபைக் கூட்டங்களைப் பாருங்கள்! எதிர்ப்பதற்கென்றே தலைமைக் கதிரையில் இருக்கிற பணக்காரர். யார் தும்மினாலும் கூட்டறிக்கையில் எழுதுகிற செயலாளர். 'இல்லை இல்லை இல்லை' என்று தொடங்கி 'ஓம்' என்று முடிக்கிற கிழவர். எங்கள் ஊரில் இந்த மூன்று பேரும் இல்லாத சபை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1996 நத்தார்ப் பகுதி. யார் மனமும் நோகக்கூடாது என்று அந்த அம்மா எல்லா அழைப்புக்கும் சரி சொல்லிவிட்டு ஒரே நாளில் வீடு வீடாகப் போய் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறா. எங்கள் ஐயரம்மாவைக் கேளுங்கள் நத்தார் அன்று என்ன நடக்கிறது என்று. ஒரு வீட்டில் கேக், அடுத்த வீட்டில் கொக்கிஸ், அதற்கடுத்த வீட்டில் புரியாணி, ஒரு வாய் வைக்காமல் எழும்பினால் அடுத்த நத்தார் மட்டும் கதை. அந்த மனுஷி வீட்டுக்கு வந்து படுத்துவிடுவா. போதகர்களின் களைப்பை எந்தப் பிரசங்கமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

ஓர்கன்_வாசிப்பவன்

இரண்டு தொடருக்கும் இசை அமைத்தவர் ஒருவரே என்பது தெரியுமா? ஹவார்ட் குடால். பீன் வானத்தில் இருந்து வெளிச்சத்தோடு விழும்போது லத்தீனில் பாடுவது சவுத்வார்க் பேராலயப் பாடகர் குழு. அந்தப் பாட்டின் தொடக்கச் சொற்கள் யோவான் 19ஆம் அதிகாரத்தில் பிலாத்து இயேசுவைக் காட்டிச் சொன்னவை, அப்புறம் அதில் அவரைக்காயை நுழைத்து விடுகிறார்கள், பீன் என்றால் அவரைதானே. மூத்தவர்கள் ஆட்சேபிப்பது என்றால் அதைத்தான் ஆட்சேபிக்கலாம், எனக்கே அது கொஞ்சம் உறுத்தும்.

டிப்ளிக்கு அதே மனிதர் போட்டது 23ஆம் சங்கீதம். தொடருக்காக எழுதிய இசை இப்போது உண்மையான ஆலயங்களில் கலியாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் பாடப்படுகிறது. நாங்களும் பாடிப் பார்த்தோம், சோப்ரானோ நன்றாக இருந்தால் கண்ணீர் வரும். தம்பி, காட்சியைப் போட்ட கையோடு அந்தச் சங்கீதத்தையும் போடுங்கள்.

சீயோன்_வீதி

எல்லோரும் சிரிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வேறொன்று சொல்லவேண்டும். மன்னிக்கவும், ஆனால் இது மட்டக்களப்பு. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் ஆலயத்தில் வெடித்த தற்கொலைக் குண்டுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். அதற்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவன் பின் வாங்கில் தனியாக வந்து இருந்து, சும்மா சும்மா பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சிரிப்பு வராது. நெஞ்சு அடிக்கும். உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும், முதலே கேட்டுவிட்டுப் போடுங்கள்.

காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்முனை அக்கா சொன்னதைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். வாசலில் பை பார்க்கிற ஆளைப் போட்டோம், அது வேண்டும். பை பார்த்து முடிந்தபிறகு புதிதாக வந்தவர் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுக்க யாரையாவது போட்டோமா? எங்கள் சபையில் இல்லை. அந்த வேலையை வாலிபர்கள் எடுக்கலாம்.

வாவிக்கரை_வாலிபன்

எல்லோருக்கும் நன்றி. சீயோன்_வீதி, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஐக்கியத்தில் அந்தக் காலையில் அங்கே இருந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இருக்கிறார், நாளைக்கே போய்க் கதைக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் பீனை விட்டுவிட்டு டிப்ளியின் நத்தார்ச் சாப்பாட்டுப் பகுதியைப் போடுவேன். புத்தகம் கொடுக்கிற வேலைக்கு இரண்டு பேரை இந்த ஞாயிறே நிறுத்துகிறேன், அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

கல்முனை அக்கா, அந்த ஆச்சியின் கதையைப் பெயர் சொல்லாமல் கூட்டத்தில் சொல்லலாமா? அப்புறம், கல்லடிப் பக்கம் யாரிடமாவது புரொஜெக்டர் இருந்தால் தனிச் செய்தி போடுங்கள், சபையில் இருந்தது பழுது.