எந்தக் குழுவை நினைத்துப் பதில் எழுதுவது? ஜப்பானிய மருத்துவமனைகளில் குழுப்பணி வினாப்பட்டியல்: உங்கள் அனுபவங்கள்

கமோகவா எழுதியது:

மருத்துவக் குழுப்பணிக்கான அமெரிக்கப் பயிற்சித் திட்டமான டீம்ஸ்டெப்ஸின் வினாப்பட்டியல்களை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்து, அவை அளக்க வேண்டியதையே அளக்கின்றனவா என்று ஏற்புடைமை பார்க்கும் வேலையில் இங்கே சிலர் இருப்பதால், பின்னணியை விரிக்காமல் நேராக விஷயத்திற்கு வருகிறேன். நான் சொல்வது 35 கேள்விகள் உள்ள பட்டியலைப் பற்றி: குழு அமைப்பு, தலைமை, நிலவரக் கண்காணிப்பு, பரஸ்பர உதவி, தகவல் பரிமாற்றம் என்று பிரிவுக்கு ஏழு. இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒன்றாக்கி, ஆங்கிலத்திற்குத் திருப்பிப் பெயர்த்து, நிபுணர்கள் பார்த்து முடித்த பிறகு, மருத்துவமனைப் பணியாளர்களை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்கும் கட்டத்தில் நடந்தது இது.

அவர் ஓர் இயன்முறை சிகிச்சையாளர். முதல் பிரிவைத் தடையில்லாமல் நிரப்பினார். தலைமைப் பிரிவுக்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பி, தான் எழுதிய பதில்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். காலையில் எலும்பு முறிவு வார்டு, பிற்பகலில் நரம்பியல் வார்டு, வாரத்தில் ஒரு நாள் சத்துணவு ஆதரவுக் குழுவோடு சுற்று என்பது அவருடைய வேலை. அவருடைய மேலதிகாரியோ இந்த இடங்கள் எதிலும் இல்லாமல், தரைத்தளத்தில் மறுவாழ்வுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். தலைமை பற்றிய ஏழு கேள்விகளும் மேலதிகாரியைப் பற்றியவை. மற்றவை தன்னைச் சுற்றி வேலை செய்கிறவர்களைப் பற்றியவை. எல்லாவற்றையும் சேர்த்துத் தோராயமாக ஒரு சராசரி போட்டு எழுதினால் உங்களுக்குச் சிரமம் இருக்காதா என்று அவர் மிகுந்த பணிவோடு கேட்டார்.

ஜப்பானிய வார்டுகளில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வார்டின் செவிலியர்கள் ஏ குழு, பி குழு என்று பிரிந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு மேல், பல துறையினர் சேர்ந்து இயங்கும் குழு மருத்துவம் என்பது வேறு; சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அதை வலியுறுத்தி அறிக்கை தந்த 2010ஆம் ஆண்டிலேயே, சத்துணவு ஆதரவுக் குழுவுக்கென்று மருத்துவக் கட்டண அட்டவணையில் தனிக் கட்டணமும் வந்தது. ஒரு மனிதர் ஒரே நாளில் மூன்று குழுக்களில் இருக்க முடியும்.

பிறகு பெரிய அளவில் தாள்கள் திரும்பி வந்தன, கணக்குகள் நன்றாகவே அமைந்தன, ஒரு பிரிவின் கேள்விகளுக்கான பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா என்ற எண், பிரிவுகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 0.70ஐத் தாண்டியது. ஆனால் அந்தச் சராசரிக் கேள்விக்கு அந்த அட்டவணையில் எங்கும் பதில் இல்லை. எத்தனை பேர் கேட்காமலே சராசரி போட்டு எழுதியிருப்பார்கள் என்பது இன்னும் என்னை விடவில்லை.

நகோயா மாணவி எழுதியது:

நான் பார்த்தது டீம்ஸ்டெப்ஸின் இன்னொரு பட்டியலை, மனப்பான்மையை அளக்கும் 30 கேள்விப் பட்டியலை. அதில் பரஸ்பர உதவிப் பிரிவில், சக ஊழியரிடம் உதவி கேட்பவருக்குத் தன் வேலை சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம் என்னும் பொருளில் ஒரு கூற்று வரும். அதை மறுப்பவருக்கே அதிக மதிப்பெண். இப்படித் தலைகீழாகக் கணக்கிட வேண்டிய கூற்றுகள் அந்தப் பட்டியலில் நான்கு உண்டு. நேர்காணலுக்கு வந்த இளம் செவிலியர் அதை வாசித்துவிட்டு, சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு நடு விடையில் வட்டமிட்டார்.

ஏன் என்று கேட்டபோது அவர் கொடுத்த விளக்கம் தெளிவானது. முதலாம் ஆண்டுச் செவிலியர் கேட்காமல் செய்வதுதான் ஆபத்து. கேட்டே ஆக வேண்டும். ஐந்தாம் ஆண்டில் இருப்பவர் அதே விஷயத்தைக் கேட்டால், இது கூடவா தெரியாது என்று வார்டே நினைக்கும். யார் கேட்கிறார் என்று தெரியாமல் ஆம் என்றோ இல்லை என்றோ எப்படிச் சொல்வது என்றார். இங்கே செவிலியர்கள் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தும்போதே இவர் மூன்றாம் ஆண்டு, அவர் ஏழாம் ஆண்டு என்றுதான் சொல்வார்கள். அந்த எண்ணைக் கழித்துவிட்டு அவர்களால் உதவியைப் பற்றி யோசிக்க முடிவதில்லை.

ஜப்பானியர்கள் நடு விடையை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எல்லோரும் எழுதுகிறோம். 1995இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும், அமெரிக்க, கனடிய மாணவர்களைவிட ஜப்பானிய, தைவான் மாணவர்களிடம் இந்தப் பழக்கம் கூடுதல் என்று காட்டியது. ஆனால் என் எதிரே இருந்தவர் தயங்கி நடுவில் ஒதுங்கவில்லை. அவரிடம் இரண்டு திடமான பதில்கள் இருந்தன. தாளில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அளவியலாளன் எழுதியது:

கமோகவா அவர்களின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. பல வார்டுகளில் சுற்றும் இயன்முறை சிகிச்சையாளர் அமெரிக்காவிலும் இருக்கிறார். எந்தக் குழு என்ற குழப்பம் மூலப் பட்டியலோடு பிறந்தது. அதை ஜப்பானின் தனித்தன்மையாகக் காட்டுவது சரியல்ல. முதல் பக்கத்தில், நீங்கள் அதிக நேரம் வேலை செய்யும் வார்டை மனத்தில் வைத்துப் பதிலளிக்கவும் என்று ஒரு வரி சேர்த்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

என் அனுபவம் சிறியது. நான் புள்ளியியல் பார்த்துக்கொடுத்த ஓர் ஆய்வில், பதில்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு வார இடைவெளியில் அதே நபர்கள் மறுபடி நிரப்ப வேண்டிய தாள்கள் மார்ச் கடைசியில் விநியோகிக்கப்பட்டு ஏப்ரலில் திரும்பின. ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் நிதியாண்டு தொடங்குகிறது, இடமாற்றங்கள் நடக்கின்றன, புதியவர்கள் சேர்கிறார்கள். ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால், மிகச் சிறிய எழுத்தில், நான் இப்போது வேறு வார்டில் இருக்கிறேன், யாரைப் பற்றி எழுதட்டும் என்று குறித்திருந்தது.

இனி இந்த வேலையில் இறங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆல்ஃபாவைக் கண்டு மகிழாதீர்கள். ஒரே மேலதிகாரியைப் பற்றி ஏழு முறை கேட்டால், அவரைப் பிடித்தவர் ஏழிலும் உயர்வாகவும் பிடிக்காதவர் ஏழிலும் தாழ்வாகவும் போடுவார். ஆல்ஃபா தானாக உயரும். கேள்விகள் எதிர்பார்த்த பிரிவுகளாகவே சேர்கின்றனவா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில், ஐந்து காரணிகளும், அதாவது ஐந்து பிரிவுகளும், தனித்து நிற்கின்றனவா என்று பாருங்கள். அவற்றுக்கிடையே ஒட்டுறவு மிக அதிகமாக இருந்தால், நீங்கள் அளந்தது வார்டைப் பற்றிய ஒட்டுமொத்த நல்லெண்ணமாக இருக்கலாம். மாதிரி அளவுக்கு, கேள்விகளின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கு, 100க்குக் குறையாமல் என்ற, அளவீட்டுக் கருவிகளின் ஆய்வுத் தரத்துக்கான சர்வதேச வழிகாட்டியான காஸ்மினின் வரையறையைப் பின்பற்றுங்கள். 35 கேள்விக்கு 245 பேர். அதில் பெரும்பாலோர் செவிலியர்களாக இருந்துவிட்டு, மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் சிகிச்சையாளர்களும் கைவிட்டு எண்ணும் அளவில் இருந்தால், சுகாதாரப் பணியாளர்கள் என்று தலைப்பு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு தொழிலிலும் போதிய பேரைச் சேர்த்து, காரணி அமைப்பு எல்லாத் தொழில்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே மதிப்பெண்களை ஒப்பிட வேண்டும். ஒரே வார்டில் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், வார்டு என்ற அடுக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மறு அளவீட்டை மார்ச்சிலும் ஏப்ரலிலும் வைக்கவே கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், 1999 ஜனவரியில் யோகொஹாமா நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை வாசிக்க வேண்டும். இருதய அறுவைக்கும் நுரையீரல் அறுவைக்கும் வந்த இரண்டு நோயாளிகளை ஒரே செவிலியர் ஒன்றாக அழைத்துச் சென்றபோது ஆள் மாறிப்போனார்கள். தோற்றத்தில் வேறுபாடு இருப்பதை அறுவை அரங்கில் கவனித்தவர்கள் இருந்தார்கள். வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டும் பார்த்தார்கள். ஆனாலும் அறுவை நடந்தது. கண்ணில் பட்ட சந்தேகத்தை உரக்கச் சொல்லி வேலையை நிறுத்தும் துணிவு ஒரு குழுவில் இருக்கிறதா என்பதைத்தான் இந்தக் கேள்விகள் அளக்க முயல்கின்றன.

மூன்றாம் தளம் எழுதியது:

நான் ஆய்வாளன் இல்லை. முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் வந்தவன். இப்போது நீண்டகாலச் சிகிச்சை வார்டு ஒன்றில் வேலை. இத்தகைய தாள் ஒன்று எங்களுக்கும் வந்தது. கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளின் மேலே, உச்சரிப்பைக் காட்டும் கானா எழுத்துகள் போட்டிருந்ததால் கேள்விகள் எனக்குப் புரிந்தன. காலை ஒப்படைப்புக் கூட்டத்தில் கேட்கும் வேகமான பேச்சைவிட அந்தத் தாள் எளிது.

என்னை நிறுத்தியது முதல் பக்கம். பெயர் வேண்டாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே வயது, பால், தொழில், மொத்த அனுபவம், இந்த வார்டில் அனுபவம் என்று கட்டங்கள். எங்கள் தளத்தில் முப்பது வயதுக்குட்பட்ட ஆண் பராமரிப்பாளர் நான் ஒருவன்தான். உறையில் போட்டு ஒட்டி, செவிலியர் அறையில் வைத்த பெட்டியில் போட வேண்டும். பெட்டி தலைமைச் செவிலியரின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் நல்லவர், உறையைப் பிரிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேலதிகாரியைப் பற்றிய ஏழு கேள்விகளுக்கும் மிக உயர்ந்த விடையையே தேர்ந்தெடுத்தேன், என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் தோழியும் அப்படியே செய்தார். நீங்கள் மேலே சொல்லும் ஆல்ஃபாவில் எங்கள் இருவரின் தாள்களும் இருக்கின்றன.

கமோகவா எழுதியது:

அளவியலாளன் அவர்களுக்கு: குழப்பம் மூலத்திலேயே உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் ஒற்றை வரி செவிலியர்களுக்குத்தான் உதவும். வார்டை மனத்தில் வைத்துக்கொள் என்று இயன்முறை சிகிச்சையாளருக்குச் சொன்ன மறுகணமே அவருடைய மேலதிகாரி அந்த வார்டிலிருந்து மறைந்துவிடுகிறார். மேலதிகாரி என்பதை, இந்த வார்டில் வழிநடத்துபவர் என்று மாற்றலாம். அப்போது சிலர் மருத்துவரையும் சிலர் தலைமைச் செவிலியரையும் நினைப்பார்கள், மற்ற மொழிகளில் கிடைத்த மதிப்பெண்களோடு ஒப்பிடும் வாய்ப்பும் போய்விடும். நீங்கள் காட்டிய பென்சில் குறிப்பை எழுதியவரும் என் இயன்முறை சிகிச்சையாளரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். அதை இடமாற்ற மாதத்தின் கோளாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அடுத்த சுற்றுக்கு நான் முன்வைத்திருப்பது இது. தலைமைக் கேள்விகளின் வாசகத்தில் கை வைக்க வேண்டாம். பதில் எழுதும்போது எந்தக் குழுவை நினைத்தீர்கள், மேலதிகாரி என்று யாரை நினைத்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து, முடிவுகளைத் தொழில்வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் தளம் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு, வயதையும் பாலையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, அனுபவத்தை மூன்று பெரிய வகைகளாக மட்டும் கேட்கச் சொல்லி இன்று காலை குழுவுக்கு எழுதியிருக்கிறேன். உறைகள் வார்டில் தங்காமல், தபால்தலை ஒட்டி நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். நகோயா மாணவியிடம் ஒரு வேண்டுகோள்: அந்த நான்கு தலைகீழ்க் கூற்றுகளின் பதில்களை அனுபவ ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தால், என்ன கிடைத்தது என்று இங்கே எழுதுங்கள்.