சிர்க்கோனிய உறைக்குழாயில் விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது?

கேள்வி (இரசாயனவியல் ஆசிரியை, கொக்குவில்)

கூடங்குளத்து அணு உலைகளின் எரிபொருள் சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களில் அடைக்கப்படுகிறது என்று வாசித்த உயர்தர மாணவி ஒருவர் வகுப்பில் நல்லதொரு கேள்வி எழுப்பினார். அலுமினியத்தைப் போலவே சிர்க்கோனியத்தின் மேலும் உறுதியான ஒட்சைட்டுப் படலம் உண்டாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் என்றால், அந்த ஒட்சியேற்றத்துக்கு ஏன் இத்தனை வரம்புகள் விதிக்கிறார்கள், குழாயில் விரிசல் விழுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதே அது. கறையில்லா உருக்கைப் பாவித்தால் என்ன என்றும் கேட்டார். விடயம் தெரிந்தவர்கள் சற்று விரிவாக விளக்கினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

பதில் (பொருட்பொறியியல் படித்தவர், கிளிநொச்சி)

வணக்கம் ஆசிரியை. உருக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெப்ப நியூத்திரன்களை உறிஞ்சும் குறுக்குவெட்டு (உறிஞ்சும் வாய்ப்பின் அளவு; அலகு பான்) சிர்க்கோனியத்துக்கு ஏறத்தாழ 0.18 பான், இரும்புக்கோ 2.5 பானுக்கு மேல். தொடர்தாக்கத்துக்கு வேண்டிய நியூத்திரன்களைக் குழாயே விழுங்கினால் கட்டுபடியாகாது. சிர்க்கோன் மணலில் கூடவே வரும், நியூத்திரன்களைப் பெருமளவில் உறிஞ்சும் ஆபினியத்தைப் பெருமுயற்சியோடு பிரித்தெடுப்பதும் இதனால்தான்; புல்மோட்டைக் கரையில் இல்மனைற்றோடு அள்ளப்படும் சிர்க்கோனிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

இனி ஒட்சைட்டு. ஏறத்தாழ 300 பாகை செல்சியசு நீரில், ஒட்சிசன் அயன்கள் படலத்தினூடாக உள்நோக்கி நகர்ந்து, உலோகத்தைத் தொடும் எல்லையிலேயே புதிய ஒட்சைட்டை உண்டாக்குகின்றன. அது தான் உண்ட உலோகத்தின் கனவளவைப் போல் 1.56 மடங்கு இடம் கேட்பதால் நெருக்குண்டு கிடக்கிறது. அந்த நெருக்கல் தகைப்பு நாற்கோணப் பளிங்கு வடிவத்தின் ஒரு பகுதியை நிலைப்படுத்தி வைத்திருக்க, படலம் ஏறத்தாழ 2 மைக்குரோமீற்றர் தடித்ததும் தகைப்புத் தளர்ந்து, பளிங்கு ஒற்றைச்சாய்வு வடிவத்துக்கு மாறி, நுண்விரிசல்கள் தோன்றுகின்றன. அதுவரை மந்தமாகிக்கொண்டு வந்த ஒட்சியேற்றம், நீர் அவற்றின் வழியே மீண்டும் உலோகத்தை அண்டுவதால் மறுபடி வேகமெடுக்கிறது; புதிய படலம், புதிய விரிசல் என்று அச்சுற்று நீள்கிறது. அலுமினிய உதாரணம் இவ்விடத்தில் கைகொடுக்காது.

குழாய் முறிவதற்கு இவ்விரிசல்களைவிடப் பெரிய காரணம் ஐதரசன். ஒட்சியேற்றத்தில் விடுபடும் ஐதரசனில் ஒரு பங்கு உலோகத்துக்குள் புகுந்துவிடுகிறது. உலை வெப்பநிலையில் மில்லியனுக்குப் பல பத்துப் பங்குகளைக் கரைத்து வைத்திருக்கும் உலோகம், குளிர்ந்ததும் ஒரு பங்கைக் கூட வைத்திருக்க மாட்டாது. மிஞ்சியது ஐதரைட்டாக, அதாவது சிர்க்கோனியமும் ஐதரசனும் சேர்ந்த நொறுங்கும் சேர்வையாகப் படிகிறது. பாவித்த உறைக்குழாயைக் குறுக்கே வெட்டி, மெருகிட்டு, அமிலமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அரை மில்லிமீற்றர் அளவே தடித்த சுவரில் இந்த ஐதரைட்டுகள் கறுப்புக் கோடுகளாகச் சுற்றுவட்டமாக, குளிர்ந்த வெளிப்புறத்தை அண்டி நெருங்கிக் கிடப்பது தெரியும். அப்படிக் கிடக்கும்வரை தீங்கு குறைவு. இழுவைத் தகைப்பின் கீழ் குளிரும்போது அவை ஆரைத் திசையில் படிந்தால்தான் சுவரை ஊடறுத்து விரிசல் ஓடுவதற்கு வழி பிறக்கிறது. சிர்க்கலோய்-4 என்ற சிர்க்கோனியக் கலப்புலோகத்தில் நிக்கலை நீக்கியது ஐதரசன் புகுவதைக் குறைக்கவே. கூடங்குளத்தில் இருப்பது 1 வீத நையோபியம் சேர்ந்த வேறு கலப்புலோகம்.

பதில் (உரும்பிராய், இப்போது ரொறன்ரோ)

மேலுள்ள விளக்கம் சரியானதே, ஆயினும் அது குழாயின் வெளிப்புறத்தை மட்டுமே பார்க்கிறது. உட்புறத்திலும் விரிசல் தொடங்குவதுண்டு. யுரேனிய ஈரொட்சைட்டு வில்லைகள் வெப்பத்தில் பிளந்து, வீங்கி, சுவரை முட்டி நிற்கையில் உலையின் வலுவைச் சடுதியாக உயர்த்தினால், வில்லையின் பிளவு வாய் திறக்கும் இடத்துக்கு நேரே சுவர் இழுபடுகிறது. அணுப்பிளவில் பிறந்த அயடீன் அவ்விடத்தை அரிக்க, விரிசல் வெளிநோக்கி வளர்கிறது. இதற்காகவே காண்டு எனப்படும் கனேடியக் கனநீர் உலைகளின் குழாய்களுக்கு உட்புறத்தில் மெல்லிய கிராபைற்றுப் பூச்சுக் கொடுக்கிறார்கள். கொதிநீர் உலைகளில் மென்மையான சிர்க்கோனிய உட்படை வைக்கிறார்கள்.

ஐதரைட்டு என்ன செய்யும் என்பதற்கு இங்குள்ள பிக்கரிங் நிலையத்தின் 2ஆம் அலகு உதாரணம். 1983 ஓகஸ்ட்டில் அங்கே உடைந்தது, எரிபொருளையும் அதைச் சுற்றி ஓடும் கனநீரையும் தாங்கும், சிர்க்கலோய்-2 ஆலான அழுத்தக்குழாய். உறைக்குழாயைவிடப் பன்மடங்கு தடித்தது. அதைச் சூழ்ந்த வெளிக்குழாயிலிருந்து விலக்கி வைக்கும் இடைவளையங்கள் இடம்பெயர்ந்ததால் தொய்ந்த அக்குழாய், குளிர்ந்த அவ்வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஐதரசன் (அங்கே ஓடுவது கனநீராகையால், தியூத்தேரியம் என்ற கன ஐதரசன்) குவிந்து கொப்புளமாகி, ஏறத்தாழ 2 மீற்றர் நீளத்துக்குக் குழாய் பிளந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 2011இல் புக்குஷிமாவில் வெடித்த ஐதரசனும் இதே தாக்கத்தில் பிறந்ததுதானா? அப்படியாயின் பீசமானக் கணக்காகவே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில் (கிளிநொச்சி)

ஆம், பெரும்பகுதி சிர்க்கோனியமும் கொதிநீராவியும் தாக்கமுற்றதால் வந்தது. தாக்கம் புறவெப்பத்துக்குரியது, 1200 பாகையை அண்டும்போது அது தன் வெப்பத்தாலேயே தன்னை விரைவுபடுத்தத் தொடங்குகிறது. அமெரிக்க விதிகளில் 1973 முதல் உள்ள 1204 பாகை என்ற உச்சவரம்பையும், சுவர்த் தடிப்பில் 17 வீதத்துக்கு மேல் ஒட்சியேறக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்லுங்கள். பின்னையது அவசரக் குளிர்நீர் பட்டதும் நொறுங்காத அளவுக்குக் குழாயில் இழுபடுதன்மை எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது.

கணக்கு எளியது. ஒரு மூல் சிர்க்கோனியம் இரண்டு மூல் ஐதரசனை விடுவிக்கும். 1 கிலோகிராம் முழுதும் தாக்கமுற்றால் ஏறத்தாழ 44 கிராம், நியம வெப்ப அழுத்தத்தில் ஏறத்தாழ 490 இலீற்றர். பெரிய உலையொன்றில் இவ்வுலோகம் தொன் கணக்கில் இருக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, மிகுதியை மாணவர்களையே பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம்.