வெயில் தாராளமாக இருந்தும் பாசி ஏன் மெதுவாகவே வளர்கிறது?

பாசிமாணவி:
செமினாருக்காகப் பச்சைப்பாசியில் இருந்து டீசல் எடுப்பதைப் பற்றிப் படிக்கிறேன். சூரிய ஆற்றலில் 8 முதல் 10 சதவீதம் வரை பாசியால் சேமிக்க முடியும் என்று கணக்குச் சொல்கிறது, ஆனால் திறந்த குளங்களில் 3 சதவீதம் கிடைப்பதே பெரிய விஷயமாம். மிச்சம் எங்கே போகிறது? பச்சையத்தைக் குறைத்தால் விளைச்சல் கூடும் என்று வேறு போட்டிருக்கிறார்கள், அது எப்படி?

குளக்கரை:
பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. உச்சிவெயிலில் மேல்மட்டத்துப் பாசி பிடிக்கும் ஒளியில் கால்வாசியைக்கூட அதனால் பயன்படுத்த முடியாது, மீதியை வெப்பமாக்கித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதே நேரத்தில் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் செல்லுக்கு ஒளியே இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாவற்றையும் இலையில் வாங்கி வீணடிக்க, அடுத்த பந்திக்குச் சோறு இல்லாத கதைதான். இயற்கையில் பக்கத்துப் பாசியை நிழலில் தள்ளுவது பிழைக்கும் வழி, நமக்கோ அது நஷ்டம். அதனால்தான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெலிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பச்சைப்பாசியில் ஆன்டெனா, அதாவது ஒளி பிடிக்கும் பச்சையத் தொகுப்பு, ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிய டிஎல்ஏ1 என்ற திரிபை (மரபணு மாறிய வகையை) எடுத்து 2003இல் வெளியிட்டார்கள். செல் வெளிர்பச்சையாக இருக்கும், ஒளி கீழே வரை இறங்கும்.

நுண்பாசி:
யோசனை அருமைதான், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 2015இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட சில திரிபுகளை அடர்த்தியாக, பலத்த ஒளியில் வளர்த்துப் பார்த்தார்கள், சாதாரணப் பாசியை விட விளைச்சல் கூடவில்லை. ஆன்டெனாவில் கை வைக்கும்போது அதிக ஒளியைத் தாங்கும் ஏற்பாடும் சேர்ந்து கெட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இன்னொன்று, திறந்த குளத்தில் காட்டுப்பாசி ஒன்று புகுந்தால் நம் வெளிர்பாசி நிழலில் மாட்டிக்கொள்ளும். டீசலுக்கு வேண்டிய கொழுப்பு தனித் தலைவலி, நைட்ரஜனை நிறுத்தினால் எண்ணெய் சேரும், வளர்ச்சி நின்றுவிடும்.

பாசிமாணவி:
அப்போது எந்தக் கட்டுரையை நம்பி எடுப்பது? சிலவற்றில் ஒளிச்சேர்க்கை இரண்டு மடங்கு என்று இருக்கிறதே.

குளக்கரை:
எதால் வகுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு இவ்வளவு ஆக்சிஜன் என்று போட்டிருந்தால், பச்சையம் பாதியானாலே எண் தானாக இரட்டிப்பாகத் தெரியும். ஒரு நாளைக்கு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் உலர்பாசி கிடைத்தது என்று இருக்கும் கட்டுரைகளை மட்டும் செமினாருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.