பாசேஜ் டூம்: சுரங்கக் கல்லறையா, இடைகழிக் கல்லறையா?

பாசேஜ் டூம் (passage tomb) என்ற தொல்லியல் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த "சுரங்கக் கல்லறை" வேண்டாம், ஐயா. சுரங்கம் என்றால் குடைந்தது. அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் யாரும் எதையும் குடையவில்லை. தரைமேல் இரு வரிசையாகப் பலகைக்கற்களை நட்டு, மூடுகல் ஏற்றி, பிறகுதான் கல்லும் புல்மண்ணுமாகக் குவித்தார்கள். மேட்டின் விட்டம் சுமார் 85 மீட்டர். உள்ளே போகும் வழி 19 மீட்டர்தான், அதிலும் சில இடங்களில் ஒருக்களித்துத்தான் நகர வேண்டும். அதைத் தாண்டினால் அறையின் கூரை 6 மீட்டருக்கு எழுகிறது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்நோக்கிப் பிதுங்கியிருக்கும்; ஆனால் மழைநீர் உள்ளே இறங்காதபடி கல்லின் வெளிமுனையைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். வழியின் கூரை இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல்மணலும் அடைத்திருக்கிறார்கள். குறுகிய வழி, பிறகு விரியும் அறை: நம் வீடுகளில் இதற்குப் பெயர் இடைகழி. ஆகவே "இடைகழிக் கல்லறை".

*

நீங்கள் சொல்லும் இடைகழி சரி. வழியும் அறையும் பிரியாமல் ஒரே அகலத்தில் நீளும் கேலரி கிரேவ் (gallery grave) என்ற கல்லறை வகைக்கு மட்டும் அது பொருந்தாது. அதை "நெடுந்திட்டை" எனலாம், நட்ட கற்கள்மேல் மூடுகல் ஏற்றிய கல்திட்டையின் நீண்ட வடிவம்தானே. ஆனால் "பெருங்கற்கால" என்ற அடைமொழி கூடவே கூடாது. நம் தொல்லியலில் அது இரும்புக்காலத்தைச் சுட்டும். நியூகிரேஞ்சு பொ.ஆ.மு. 3200 வாக்கில், உலோகம் புழங்காத உழவர்கள் எழுப்பியது. "புதிய கற்காலப் பெருங்கல் அமைப்பு" என்றால் காலம் குழம்பாது.

அதைவிடச் சிக்கல் "இரண்டாம் நிலை அடக்கம்", அதாவது வேறிடத்தில் மக்கிய உடலின் எலும்புகளை எடுத்துவந்து அடக்குவது. எலும்புகள் கலைந்து கிடந்தாலே இப்படி எழுதிவிடுகிறோம். உடல் வேறிடத்தில் மக்கிய பின் எலும்பைப் பொறுக்கி வந்திருந்தால், மணிக்கட்டு, விரல் எலும்புகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். அவை உள்ளேயே கிடைத்தால் உடல் அங்கேயே மக்கியது என்று பொருள். இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட் என்ற புதிய கற்காலக் கல்லறையின் ஐந்து அறைகளில் குறைந்தது 36 பேரின் எலும்புகள். மண்டையோடுகளும் நீளெலும்புகளும்தான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. முழு உடல்களாக வைத்துவிட்டு, பின்னால் வந்தவர்கள் பழைய எலும்புகளை ஓரமாகத் தள்ளி, சிலவற்றை எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பதே இன்று வலுவான விளக்கம். இதற்கு "எலும்பு ஒதுக்கல்" என்று தனிச்சொல் வேண்டும். சிற்றெலும்புகளைச் சலிக்காமல் விட்ட பழைய அகழாய்வுகளுக்கு "இரண்டாம் நிலை அடக்கம்", "எலும்பு ஒதுக்கல்" இரண்டுமே வேண்டாம். "கலைந்த எலும்புத் தொகுதி" என்று கண்டதை மட்டும் சொன்னால் போதும்.